வீட்டு வரி கட்டும் பூங்கா

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், தங்கள் தங்கையும் இருக்கிறாள். நாங்கள் குடியிருக்கும் வீடுதான் இல்லை. பதற வேண்டாம், இடிந்து விழவில்லை. சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. நகராட்சியின் நில உபயோக வரைபடத்தில் இல்லை, அவ்வளவுதான். அதில் எங்கள் மனை பச்சைக் கலரில் இருக்கிறது. பச்சை என்றால் பூங்காவாம்.

கடிதத்தின் கடைசியில் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் கடைசிவரை எழுதத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை. தங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பழைய பேப்பரும் ஓடாத தையல் மெஷினும் போட்டு வைத்திருக்கிறீர்களே, குளியலறை ஒட்டியிருக்கும் அறை, அதை எங்களுக்காகக் காலி செய்து வைக்க வேண்டும். விருந்துக்கு வரவில்லை, மச்சான். வந்தால் திரும்பிப் போவதாக இல்லை. திங்கட்கிழமை தீர்ப்பு. தோற்றால் அன்று மாலையே பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுவோம்.

விஷயம் இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் உங்கள் தங்கையின் முழங்காலில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் குளியலறை, கழிப்பறை எல்லாம் மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கட்டும்போது "கீழ ஒண்ணு வெச்சுக்குங்க மாப்ளே" என்று நீங்கள் சொன்னீர்கள், கொத்தனார் சொன்னார், சிமெண்ட் இறக்க வந்தவர்கூடச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. (இதை நீங்கள் இதுவரை பலமுறை ஞாபகப்படுத்தியாகிவிட்டது. நாங்கள் அங்கே வந்த பிறகு தயவுசெய்து சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஞாபகப்படுத்த வேண்டாம்.) எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் இந்தம்மா மாடிப்படி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் அன்று வீட்டுக்கு வந்த கையோடு சமையலறைப் பக்கவாட்டில் அடி போட்டு அளந்து, அங்கே ஒரு சின்ன கழிப்பறை கட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன். நான்கு சுவர், ஒரு கதவு, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அரண்மனை கட்ட ஆசைப்படவில்லை. யாராவது ஒரு கொத்தனாரை வைத்து ஓசைப்படாமல் கட்டி முடித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் நான் யார்? எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைகடையாக ஏறித் தராசைச் சோதித்து, முத்திரை இல்லாத எடைக்கல்லைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் பறிமுதல் செய்தவன். அனுமதி வாங்காமல் ஆணி அடிக்கக்கூட எனக்குக் கை வராது. நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே திட்டப் பிரிவு என்று ஒன்று. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா, பேப்பர் பறக்காமல் இருக்க எல்லாவற்றின் மேலும் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார். என் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"சார், இந்த இடத்துல வீடே இல்லையே. பார்க்ல இருக்கு."

"எது பார்க்ல இருக்கு?"

"உங்க அட்ரஸ். வேற எங்கயாவது குடியிருக்கீங்களா?"

"இல்லைங்க, அங்கதான் குடியிருக்கேன்."

"பார்க்லயா சார்? வயசான காலத்துல அது தப்பாச்சே," என்று அவர் நிஜமான வருத்தத்தோடு சொன்னார். "யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

எனக்குத் தலை சுற்றியது. பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பூங்காக்களில் தங்கும் ஆதரவற்றோருக்கு ஒரு விடுதி இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் பக்கத்து அறையில் என்றும் அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

எப்படிப் பூங்கா ஆனோம் என்று அலைந்து திரிந்து விசாரித்துத் தெரிந்துகொண்டபோது நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் முன்வாசலில் இரண்டு பெரிய நிழல் மரங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் அடியில் நான் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டேன். உங்கள் தங்கை எதிர் வீட்டுக் குழந்தைகளுக்காகக் கிளையில் ஊஞ்சல் கட்டினாள். மதில் மழையில் சரிந்தது, எடுத்துக் கட்டச் சோம்பல்பட்டு விட்டுவிட்டோம். சாயங்காலமானால் தெருவே அங்கேதான் உட்கார்ந்து கதை பேசும். நகராட்சிக்காக நிலத்தை அளந்து குறிக்க வந்த அளவையர், தோளில் டேப்பும் முகத்தில் வியர்வையுமாக அப்படி ஒரு சாயங்காலம் பார்த்து வந்திருக்கிறார். நான் அன்றைக்கு வீட்டில் இல்லை. "இது யாரோட இடம்மா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "யாரோடதுன்னு என்ன இருக்கு தம்பி, எல்லாருக்கும்தான். வெயில்ல நிக்காதீங்க, நீங்களும் வந்து உக்காருங்க." அவர் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், காபி குடித்தார், பேசினார், எழுந்து போகும்போது நோட்டில் 'பொதுப் பயன்பாடு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வாசலுக்கு வந்தவரிடம் "இது என் வீடு" என்று யாராவது சொல்வார்களா என்று அவள் இன்றைக்கும் என்னிடம் சண்டைக்கு வருகிறாள். வளர்ப்பு அப்படி, நான் யாரைக் குற்றம் சொல்வது? உங்களைத்தான் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டில்தானே வளர்ந்தாள்.

ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே ஒட்டினார்கள்? எங்கள் மரத்திலேயே. மரத்தில் காகிதம் ஒட்டுவது விதிப்படி குற்றம் என்பதால் நானே போய், படிக்காமல், சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறேன்.

முடி வெட்டுபவர் சொல்லி ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு, "சார், அருமையான கேஸ். இந்த மாதிரி கேஸ் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். டாக்டர் ஒருவர் நம் வியாதியைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. வழக்குப் போட்டோம். வீடு வீடுதான், பூங்கா இல்லை என்று அறிவிக்க வேண்டும், கழிப்பறை கட்ட அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. முதல் நாளே நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தீர்ப்பு வரும்வரை இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் எதையும் கட்டவும் கூடாது, இடிக்கவும் கூடாது. வக்கீல் "பாதி ஜெயிச்சுட்டோம் சார்" என்று கையைக் குலுக்கினார். அந்தப் பாதி என்ன என்று எனக்கு மாடிக் குழாய் சொட்ட ஆரம்பித்தபோது புரிந்தது. பிளம்பர் வந்தார், ஸ்பானரைக் கையில் எடுத்தார், எதிர் வீட்டுக்காரர் உத்தரவு விஷயத்தைச் சொன்னதும் மறுபடி பைக்குள் வைத்துவிட்டார். "இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும்னு கோர்ட் சொல்லியிருக்காமே சார். சொட்டுறதும் இருக்கிறதுதானே? நான் நிறுத்தினா என்னையில்ல உள்ள வெப்பாங்க." குழாய் இன்றைக்கும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மாடியில் இருக்கும் அந்த ஒரே குளியலறையில் தரை எப்போதும் ஈரம், வழுக்கல். உங்கள் தங்கை அங்கேதான் போய் வர வேண்டும்.

எதிர்த் தரப்பு மட்டும் சும்மா இருக்கவில்லை, மச்சான். பூங்கா என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள் அல்லவா, அதனால் பூங்காவாகப் பராமரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பராமரிப்பதற்குத் தடை இல்லையாம். முதலில் ஒரு தோட்டக்காரர் ரப்பர் குழாயோடு வந்தார். பிறகு திறக்கும் நேரம், மூடும் நேரம் போட்டு ஒரு போர்டு வந்தது. போர்டு வந்ததும் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்தார்கள். விடிந்ததும் விடியாததுமாக வீட்டை வலம் வருகிறார்கள், நான் பல் தேய்த்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தால் வரிசையாக "குட் மார்னிங் சார்" சொல்லிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒரு கூட்டம் சிரிப்புப் பயிற்சி செய்கிறது. உடம்புக்கு நல்லதென்று வட்டமாக நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, காரணமே இல்லாமல் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். சரியாக எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே. வழக்கு ஒத்திவைக்கப்பட்ட மறுநாள் காலை, இரவெல்லாம் தூங்காமல் புரண்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில், கீழே இருபது பேர் ஹா ஹா என்று சிரித்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? மப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர்தான் அவர்களுக்குத் தலைவர். கொடியில் காய்ந்த என் பனியனைப் பிடித்துக்கொண்டு, "சார், தப்பா நினைக்காதீங்க, பப்ளிக் பார்க்ல இதெல்லாம் போடக் கூடாது, லேடீஸ் வர்ற இடம்" என்று எனக்கே புத்தி சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை பனியனை எடுத்து மடித்துக்கொண்டே அவருடைய சர்க்கரை அளவை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு வாட்ச்மேன் வந்தார். ஒரு நாள் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்து திரும்பினால், மதில் சரிந்த இடத்தில் புதுக் கம்பிவேலி (இதுவும் பராமரிப்புதானாம்), அதில் ஒரு கேட், கேட்டில் பூட்டு. "பார்க் மூடியாச்சு சார், காலைல வாங்க" என்றார் வாட்ச்மேன். "நான் உள்ள குடியிருக்கேன்யா" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார். இவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்து நிற்கிறாள். கடைசியில் சமையலறையில் பால் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இவளைக் கேட்டு, ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, இவள் சொன்னது சரியாக இருந்த பிறகுதான் உள்ளே விட்டார். இப்போது அவருக்குத் தினமும் அந்தப் பாத்திரத்திலிருந்துதான் காபி போகிறது.

பூங்கா பூங்கா என்கிறார்களே, வீட்டு வரி கேட்காமல் விட்டார்களா? அது தவறாமல் வருகிறது. கேட்டால் வரிப் பிரிவு வேறு, திட்டப் பிரிவு வேறு, ஒருவர் கணக்கில் மற்றவர் தலையிடுவதில்லை என்கிறார்கள்.

கடைசி நம்பிக்கையாக நீதிமன்றம் ஒரு கமிஷனரை அனுப்பியது. நேரில் பார்த்து வீடா பூங்காவா என்று அறிக்கை தருவது அவர் வேலை. முந்தின நாளே நான் உங்கள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு நாள் யாருக்கும் முகம் குடுத்துப் பேசாதே. கதவைச் சாத்திட்டு உள்ள இரு. வாங்கன்னு மட்டும் சொல்லிடாதே." தலையை ஆட்டினாள். நடைப்பயிற்சிக்காரர்களிடமும் போய் அன்று வர வேண்டாம் என்று சொல்லிவைத்தேன், அவர்களும் பெருந்தன்மையாகச் சம்மதித்தார்கள். கமிஷனர் உச்சி வெயிலில் வந்து இறங்கினார். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, இது தனியார் இடம், நீங்கள் உள்ளே வரலாமா என்று யோசித்துச் சொல்கிறேன் என்ற தோரணையில் நின்றேன். இவளும் ஜன்னலுக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாழாய்ப்போன மனுஷன் தும்மித் தொலைத்தார். "ஐயையோ, இந்த வெயில்ல தலைக்கு ஒண்ணும் இல்லாம வந்திருக்கீங்களே" என்று கதவு திறந்தது. அப்புறம் என்ன, மரத்தடியில் பெஞ்சு, தண்ணீர், காபி. கூட்டம் இல்லையே என்று அவர் கேட்டதற்கு, "இன்னைக்கு மட்டும் இவர் வர வேண்டாம்னு சொல்லிட்டார், இல்லைன்னா நிக்க இடம் இருக்காது" என்று விளக்கமும் கொடுத்தாள். 'பொதுமக்கள் தாராளமாக வந்துபோகும் இடம், காற்றோட்டம் நன்று' என்று அறிக்கை போய்ச் சேர்ந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டு, கேஸ் கட்டை மூடி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

இதையெல்லாம் நான் சிரிக்கச் சிரிக்க எழுதுவதாக நீங்கள் நினைக்கலாம். போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், மாடிக்குப் போக ஏறினாள். இப்போதெல்லாம் நேராக ஏறுவதில்லை, முதுகைத் திருப்பி, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறுகிறாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். சத்தம் இல்லையே என்று போய்ப் பார்த்தேன். அவசரத்தை அடக்க முடியாமல் போய், படியிலேயே ஆகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் புடவையால் மூடிக்கொண்டு, "பாக்காதீங்க, அந்தப் பக்கம் போங்க" என்று அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் என் முன்னால் வெட்கப்பட்டு அழுது நான் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் "வாங்க, உக்காருங்க" என்று சொன்னவள், சொந்த வீட்டில் இப்படி உட்கார்ந்திருந்தாள். துடைத்து, கழுவி, வேறு புடவை கொடுத்துவிட்டு நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை, மச்சான். ஒரு கைப்பிடி வைக்க முடியவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தேன், தோற்றால் இந்த வீட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று.

ஆகவே, அறையைக் காலி செய்து வையுங்கள். திங்கட்கிழமை நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்று தாங்களும் அக்காவும் மனமுருக வேண்டிக்கொள்ளுங்கள், வக்கீலின் முகத்தைப் பார்த்தால் மனிதர்களால் ஆகும் காரியமாகத் தெரியவில்லை. அக்காவுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், அரசாங்கத்தின் எந்தக் கலரும் படாத மனையோடும், கீழ்த்தளத்தில் கழிப்பறையோடும் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
பூங்காவில் குடியிருக்கும்
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் கிரேன் வந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அறையைக் காலி செய்ய வேண்டாம், தையல் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கிரேனில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டு வந்தது. நீதிமன்ற உத்தரவின் நகலைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். கூட வந்த நகராட்சி என்ஜினியர் நிதானமாகச் சொன்னார்: "கட்டத்தான் சார் தடை. இது கட்டடமே இல்ல, ஒரு செங்கல் கிடையாது. ஃபைபர்ல செஞ்ச டாய்லெட். அப்படியே இறக்கி வெப்போம், வேணாம்னா அப்படியே தூக்கிட்டுப் போயிடுவோம். வாக்கிங் வர்ற பெரியவங்க எல்லாம் மனு குடுத்திருக்காங்க." எங்கே வைப்பீர்கள் என்று கத்தினேன். தண்ணீரும் சாக்கடை இணைப்பும் இருப்பது ஒரே இடத்தில்தானாம். சமையலறைப் பக்கவாட்டில், நான் அடி போட்டு அளந்த அதே இடத்தில் இறக்கினார்கள். வயதானவர்களுக்கானது என்பதால் படி இல்லை, சரிவுப் பாதை. இரண்டு பக்கமும் கைப்பிடி.

நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை சமையலறைக் கதவைத் திறந்து வந்து, என்னைத் தாண்டிப் போய், கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான், என்ஜினியர், கிரேன் டிரைவர், வாட்ச்மேன், மப்ளர்க்காரர் எல்லாரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகு நேரம் கழித்து வெளியே வந்தாள். "வழுக்கவே இல்லைங்க" என்றாள். அன்று சாயங்காலமே கட்டிலைக் கீழே போடச் சொல்லிவிட்டாள். பூங்கா மூடிய பிறகும் டாய்லெட்டைத் திறந்துகொள்ள வாட்ச்மேன் அவளுக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறார். இதே பெட்டியை நானே வாங்கி வைத்திருக்கலாமே என்று என்ஜினியரிடம் கேட்டேன். "நீங்க வெச்சா ஆக்கிரமிப்பு சார்" என்றார்.

மறுநாள் வக்கீலிடம் ஓடி, வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றேன். வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்தாகிவிட்டது, இனி முடியாது என்கிறார். அதோடு விட்டாரா? இதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னார். பூங்காவுக்கு எதற்கு வீட்டு வரி வாங்கினீர்கள் என்று கடைசி நாளில் ஜட்ஜ் கேட்டதற்கு நகராட்சித் தரப்பில் பதிலே இல்லையாம். "நூத்துக்கு நூறு நம்ம பக்கம்தான் சார், நிம்மதியாத் தூங்குங்க" என்று என் முதுகில் தட்டினார். என்ஜினியரைக் கேட்டேன். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அது தனியார் இடம், அன்றைக்கே கிரேன் வந்து தூக்கிவிடும் என்கிறார். அதன் பிறகு நகராட்சி அப்பீல் போகும், மறுபடியும் இருப்பது இருந்தபடியே இருக்கும். என்ன இருக்கும்? மாடிப்படிதான் இருக்கும். தோற்றால் பெட்டியும் இங்கேயே, வீட்டு வரி கட்டிக்கொண்டு நாங்களும் இங்கேயே.

அதனால், இதுவரை வேண்டிக்கொண்டிருந்தால் அதை மாற்றி வேண்டிக்கொள்ளுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு உங்கள் தங்கை நேற்று என்னிடம் கேட்டாள், "நாம தோத்துடுவோம்ல?" என்று. "நான் இருக்கேன், கவலைப்படாதே, கண்டிப்பாத் தோத்துடுவோம்" என்று தைரியம் சொல்லித் தூங்க வைத்தேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பயமாக இருக்கிறது மச்சான், ஜெயித்துவிடுவோம் போலிருக்கிறது.